காப்பதும் கையளிப்பதும்: சமய நிறுவனங்களில் தலைமையும் தீர்மானமும்

வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா என எவ்விழா வரினும், அதன் மலரிலே கட்டடங்களின் வரலாறும் அதிபர்களின் வரிசையும் பரிசு பெற்றோர் பட்டியலும் தவறாது இடம்பெறும். அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு கல்லூரியின் வாழ்வை அதன் கட்டடங்களிலும் பார்க்க அதிகமாக மாற்றியவை, ஏதோவொரு மாலைப்பொழுதில் ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து எடுத்த தீர்மானங்களே. அவற்றுக்குப் படமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்திருக்கும். அதனையும் பலவிடங்களிற் கறையான் கொண்டுபோயிற்று. கண்டி மாநகரிலும் அதன் அயலிலும் வாழும் பழைய மாணவராகிய நாம், நாம் வாழும் இந்நகரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, சமயத்தின் பெயரால் நடைபெறும் நிறுவனங்களிலே தலைமை எவ்வாறு இயங்குகின்றது, தீர்மானம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஆராயப் புகுகின்றோம். காரணம் ஒன்றுண்டு. எமது சங்கமும் விழா நிதியை என்ன செய்வதென்று இவ்வாண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது.

இக்காலத்து முகாமைத்துவ நூலார் இவ்விடயத்தை 'மூலோபாயத் தலைமைத்துவம்' என்பர். பெயர் புதிது, பொருள் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனை நோக்கிச் சொல்லப்பட்டவையேனும் அவை தர்மகர்த்தா சபைக்கும் பொருந்துவனவே. ஆனால் அரசனுக்கும் வணிகனுக்கும் இல்லாத சங்கடம் ஒன்று சமய நிறுவனத்துக்கு உண்டு. வணிகன் தவறாகத் தீர்மானித்தால் ஆண்டிறுதியில் இலாபநட்டக் கணக்கு அதனைக் காட்டிக்கொடுக்கும். கோயிலுக்கோ சமயக் கல்லூரிக்கோ அத்தகைய அளவுகோல் இல்லை. காணி கொடுத்த பெரியார் காலமாகிவிட்டார். அதனாற் பயன்பெற வேண்டிய பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. இடையில் இருப்போர் தமக்குரியதல்லாத பொருளைப் பற்றி, தம்மைக் கேள்வி கேட்க முடியாத இருதிறத்தாருக்காகத் தீர்மானிக்கின்றனர். இந்நிலையில் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினாவே முதலில் எழுகின்றது.

அதிகாரம் வேறு, தகுதி வேறு என்பதற்குக் கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலே சிறந்த சான்று உளது. 1747 முதல் 1782 வரை ஆட்சிபுரிந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்க மரபினன். அவன் காலத்தில் இலங்கையில் உபசம்பதை பெற்ற பிக்குகளின் பரம்பரை அற்றுப்போயிருந்தது. உபசம்பதையை அளிப்பதாயின் அதனை ஏற்கெனவே பெற்றோர் கூடவேண்டும். நாட்டின் நிலமும் படையும் கருவூலமும் அரசன் கையில் இருந்தன. ஆயினும் ஒரேயொரு பிக்குவை ஆக்கும் தகுதி அவனுக்கு இல்லை. வெலிவிட்ட சரணங்கர தேரரும் அரசனும் இதனை நன்கு அறிந்திருந்தனர். இருப்பவர்களை வைத்து ஒப்பேற்றுவோம் என்று அவர்கள் எண்ணவில்லை. முந்திய அரசன் காலத்தில் சீயத்துக்குத் தூதனுப்பும் முயற்சி இருமுறை தோற்றிருந்தது. முதற் கப்பல் உடைந்தது, இரண்டாந் தூது அரசன் இறந்தமையால் நின்றது. அவ்வாறிருந்தும் மூன்றாந் தூதை ஒல்லாந்தர் கப்பலில் அனுப்பி, 1753இல் உபாலி தேரரையும் உடன்வந்த பிக்குகளையும் வரவழைத்து, பரம்பரையை மீட்டனர். இன்று மல்வத்தை, அஸ்கிரிய என்று இருபிரிவாக நிற்கும் சீய நிகாயம் அவ்வாறு தோன்றியதே. மூன்று கப்பற் பயணத்துக்குக் காத்திருக்கும் பொறுமை இன்றைய நிர்வாக சபைகளுக்கு உண்டோ என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்க. எமது கோயிற் சபைகளில் அடுத்த பொதுக்கூட்டம் வரையேனும் பொறுத்திருப்போர் அருமை.

தலதா மாளிகையின் பரிபாலன முறையும் கவனிக்கத்தக்கது. தந்ததாது வைக்கப்பட்டுள்ள பேழையின் திறவுகோல்கள் மல்வத்தை மகாநாயக்க தேரரிடமும் அஸ்கிரிய மகாநாயக்க தேரரிடமும் தியவதன நிலமேயிடமும் பிரிந்திருக்கின்றன. மூவரும் இணங்கினாலன்றிப் பேழை திறவாது. நித்திய பூசைக் கடமைகளை இரு பீடத்துப் பிக்குகளும் முறைமாறி ஏற்கின்றனர். உலகியல் விடயங்களை நடத்தும் தியவதன நிலமே பிக்கு அல்லர்; இல்லறத்தார். 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க பௌத்த ஆலயச் சொத்துக்கள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மகாநாயக்க தேரர்கள், தேவாலயங்களின் பஸ்நாயக்க நிலமேக்கள், விகாரைகளின் தர்மகர்த்தாக்கள், பௌத்தரான பிரதேச செயலாளர்கள் முதலியோர் வாக்களித்து அவரைப் பத்தாண்டுக்குத் தெரிவு செய்கின்றனர். தேர்தல் வரும்போது போட்டியும் பூசலும் உண்டாகாமல் இல்லை. ஆயினும் யார் எதனைத் தீர்மானிக்கலாம், எவ்வளவு காலத்துக்குத் தீர்மானிக்கலாம், யாருடைய இணக்கமின்றி எது நடவாது என்பன முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. பூசல் எழுந்தாலும் அது ஆளைப் பற்றியதாக இருக்குமேயன்றி முறையைப் பற்றியதாக இராது.

நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கும் இச்சட்டத்துள் அடங்கும். அவற்றுக்கு அயலிலேயே உள்ள எமது கோயில்களுக்கு அத்தகைய தனிச்சட்டம் யாதும் இல்லை. இந்து ஆலயச் சொத்துக்களை ஆராய்ந்த விசேட குழு 1951இல் அறிக்கை சமர்ப்பித்தது, சட்டம் பிறக்கவில்லை. ஆதலால் இந்நாட்டு இந்துக் கோயில்களின் வழக்குகள் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தைத் துணைக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தின் படியேறுகின்றன. கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகம் நிறைவெய்து முன்னர் கணக்குக் கேட்போரும் கணக்குக் காட்டாதோரும் இருகட்சியாகப் பிரிந்த கதை ஊர்தோறும் உண்டு. அங்கெல்லாம் மனிதரின் கெடுமதியே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எழுதிவைத்த முறை இல்லாமையே பெருங் காரணமென்பது எமது துணிபு.

இனி, சமய நிறுவனங்களின் தீர்மானத்துக்கு இந்நாட்டில் நேர்ந்த மிகப்பெரிய சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பாடசாலைகளைப் பற்றியது. ஆதலால் எம்மை நேரே தொடுவது.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் வந்த காலந்தொட்டே, அரசினரின் உதவிப்பணத்தில் நடைபெற்ற சமயப் பாடசாலைகளின் முன் ஒரு வினா நின்றுகொண்டிருந்தது: பணத்தை ஏற்று அரசினரின் நிபந்தனைக்கு உட்படுவதா, தம் காலில் நிற்பதா? 1960ஆம் ஆண்டு ஆடியில் பதவியேற்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அவ்வினாவை இனித் தள்ளிப்போட முடியாததாக ஆக்கியது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், எமது அயலூராகிய கம்பளையில் ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1960 மார்கழி முதலாந் திகதி தொடக்கம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை அரசின் கைக்கு மாறியது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடங்களையும் நட்டஈடின்றி அரசுடைமையாக்க வழிசெய்தது. முதலாந் தர, இரண்டாந் தரப் பாடசாலைகளுக்கு மாத்திரம் ஒரு விலக்கு உண்டு: விரும்பினால் உதவிப்பணத்தைத் துறந்து, மாணவரிடம் கட்டணமும் அறவிடாது, தனியார் பாடசாலையாகத் தொடரலாம். சிறு பாடசாலைகளுக்கு அத்தெரிவும் இல்லை.

உதவிப்பணமும் இல்லை, கட்டணமும் இல்லையாயின் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? தீர்மானிக்கக் கிடைத்ததோ சில வாரங்கள். நாட்டின் மேற்குக் கரையிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்து அமர்ந்து காவல் இருந்தனர். 1961 தை மாதத்திலேயே அக்கொந்தளிப்பு அடங்கியது. அந்த வாரங்களில் ஒவ்வொரு சபையும் தன் வலியைத் தானே நிறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

கண்டியிலே நடந்ததைப் பார்ப்போம். எல்லாவகைத் தெரிவுகளையும் காணக்கூடிய நகரம் இது. அங்கிலிக்கன் மரபில் வந்த திரினிட்டி கல்லூரி 1872இலும் ஹில்வூட் மகளிர் கல்லூரி 1890இலும் தோன்றியவை. இரண்டும் தனியார் பாடசாலைகளாகவே நின்றன. மெதடிஸ்த திருச்சபையின் பெண்கள் உயர் பாடசாலை 1879இலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891இலும் தொடங்கியவை; இரண்டும் அரசினரிடம் சென்றன. பௌத்த பிரமஞான சங்கம் 1887இல் நிறுவிய தர்மராஜா கல்லூரியும் அரசினரிடம் சென்றது. கத்தோலிக்கரிடம் 1854இல் தோன்றிய புனித அந்தோனியார் கல்லூரியும் 1941இல் தோன்றிய புனித சில்வெஸ்டர் கல்லூரியும் இருந்தன. முன்னையது கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையிலே தனியார் பாடசாலையாக நின்றது. பின்னையது அரச பாடசாலையாயிற்று.

ஒரே சமயத்தார், ஒரே நகரம், இரண்டு பாடசாலை, இரண்டு முடிவு! எல்லாவற்றையும் காப்போம் என்று சூளுரைத்து எல்லாவற்றையும் இழப்பதிலும், எதனைத் தாங்கமுடியும் என்று கண்டு அதனைத் தாங்குவது மேல் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எமக்குத் தோன்றவில்லை. மெதடிஸ்தரின் செய்கையை இலங்கை முழுவதற்குமாக விரித்துப் பார்த்தால் இதுவே இன்னும் பெரிதாகத் தோன்றும். கொழும்பிலே வெஸ்லி கல்லூரியும் மெதடிஸ்த கல்லூரியும் தனியாராக நின்றன. கண்டியின் கிங்ஸ்வூட், காலியின் றிச்மண்ட், யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரி, வேம்படி, பருத்தித்துறை ஹாட்லி, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி ஆகியன அரசினரிடம் சென்றன. எத்தனை தலைமுறையின் உழைப்பு! மட்டக்களப்புப் பாடசாலை 1814இல் தோன்றியது. அதனைக் கையளிக்கும் தாளிற் கையொப்பமிட்ட கை நடுங்காதிருந்திருக்க முடியாது.

கிங்ஸ்வூட்டைப் பற்றி இன்னுஞ் சில சொல்லவேண்டும். எல். ஈ. பிளேஸ் என்பார், தாம் கற்ற திரினிட்டி கல்லூரியை விட்டுத் தனியே 11 மாணவரைக் கொண்டு தொடங்கிய பாடசாலை அது. அவர் அதனைத் தம் வீட்டுச் சொத்தாகக் கொள்ளாது மெதடிஸ்த சபையிடம் ஒப்படைத்துவிட்டு, 1923 வரை அதிபராகத் தொண்டாற்றினார். ஆகவே 1961க்கு முன்னரே அக்கல்லூரி ஒருமுறை கைமாறியதொன்று. ஜோன் வெஸ்லி இங்கிலாந்தில் நிறுவிய பாடசாலையின் பெயரை அது தாங்கியது. அரச பாடசாலையாகிய பின்பும் அப்பெயரே நிலைத்தது. உரிமை போயிற்று; பெயரும் கீதமும் பழைய மாணவர் பற்றும் போகவில்லை. சட்டம் காணியை எடுக்கலாம். ஒருவன் தான் கற்ற இடத்தின்மேல் வைத்த பற்றை அரச வர்த்தமானியில் அறிவித்து எடுக்க இயலாது.

காத்துக்கொண்டோர்பாடு இலகுவாயிருந்தது என்று எண்ணுதல் தவறு. உதவிப்பணத்தைத் துறந்த தனியார் பாடசாலைகள் பெற்றோரின் நன்கொடை, பழைய மாணவரின் காசு, களியாட்டச் சந்தை, அதிர்ஷ்டச் சீட்டு என்பவற்றால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காலந்தள்ளின. 1977க்குப் பின் வந்த அரசாங்கமே அவற்றுட் பலவற்றின் ஆசிரியர் சம்பளத்தை ஏற்று ஆறுதல் அளித்தது. அதுவரை அவற்றை இழுத்துச் சென்றோர் குறைந்த சம்பளத்துக்குக் கற்பித்த ஆசிரியர்களே. நிர்வாக சபை ஒருநாளில் எடுத்த தீர்மானத்தின் விலையை, அக்கூட்டத்தில் இல்லாத ஆசிரியர் இருபது வருடம் தம் மாதச் சம்பளத்திலே கட்டினர். தலைமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதனைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. நன்கொடை என்னும் பெயரால் வசதியில்லாதவர் பிள்ளைக்குக் கதவு மெல்ல அடைபட்டதும் உண்டு. ஏழைக்குக் கல்வி கொடுக்கவென்று தொடங்கிய சமயத் தொண்டு, தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியிலேயே ஏழையைவிட்டு விலகிற்றெனின், அது காத்தது எதனை?

எம்மவர் செய்ததென்ன? யாழ்ப்பாண இந்துக் கல்லூரி உட்பட நாட்டிலிருந்த பெரும்பாலான இந்துக் கல்லூரிகள் 1960களின் தொடக்கத்திலே அரசின் கைக்குச் சென்றன. மிஷன் பாடசாலைகளின் ஆதிக்கம் ஒழிந்ததென்று மகிழ்ந்தோர் சைவருள்ளும் பலர் இருந்தனர். அம்மகிழ்ச்சியில் தமது கையிலிருந்ததும் போவதைச் சிலர் பின்னரே உணர்ந்தனர். திருச்சபைகளுக்கு உள்ளதுபோல் நாடுமுழுவதையும் ஒருங்கே நோக்கி, இதைக் காப்போம், அதைக் கொடுப்போம் என்று தெரிவு செய்யக்கூடிய பொதுச்சபை எமக்கு இல்லை. ஒவ்வொரு கல்லூரியின் இயக்குநர் சபையும் தனித்தனியே கூடித் தனித்தனியே தீர்மானித்தது. நாவலர் பெருமான் மிஷன் பாடசாலைப் பணியைத் துறந்து 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலையை நிறுவியது தனியொருவரின் துணிவு. அவர் 1879இல் மறைந்தார். சைவ பரிபாலன சபை தோன்றியது 1888இல். ஆள் போனபின் அமைப்பு வருவதற்கு ஒன்பது ஆண்டு சென்றது. அமைப்பிலும் ஆளையே நம்பும் எமது வழக்கம் இன்றும் மாறிற்றென்று சொல்வதற்கில்லை. கொடுத்தது பிழையென்று நாம் வாதிக்க வரவில்லை. தமிழ் மாணவர் பலர் இலவசமாகக் கற்று உயர்ந்தது அரச பாடசாலைகளிலேயே. கொடுத்தபின் சபைக்கு என்ன வேலை என்பதை எவரும் பேசி முடிவுசெய்யாமற் கொடுத்ததே குறை. பூசை அறையை யார் பார்ப்பது, நவராத்திரியை யார் நடத்துவது, வெளியூர்ப் பிள்ளைக்கு விடுதி யார் கொடுப்பது என்னுங் கேள்விகள் அனாதையாகக் கிடந்து, நாளடைவில் பழைய மாணவர் சங்கங்களின் மடியில் வந்து விழுந்தன.

இராமகிருஷ்ண மிஷன் இதனை வேறுவிதமாகச் செய்தது. கிழக்கிலங்கையில் சுவாமி விபுலாநந்தர் கட்டியெழுப்பிய பாடசாலைகளும், அவற்றுள் 1929இல் தோன்றிய கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயமும் அரசினரிடம் சேர்ந்தன. மாணவர் இல்லம் மிஷனிடமே நின்றது, இன்றும் நடைபெறுகின்றது. கற்பிக்கும் பணியை அரசு ஏற்றுக்கொண்டால் கற்பிப்பதற்கு மிஷன் வேண்டுமென்பதில்லை. தாய்தந்தையற்ற பிள்ளைக்கு உணவும் உறையுளும் சமயப் பயிற்சியும் கொடுக்க அரசு முன்வரவில்லையாயின் அங்கேதான் மிஷனுக்கு வேலை. பாடசாலையை இழந்தும் தொண்டை இழக்காமல் இருக்க முடிந்தது, தொண்டு யாது என்பது அவர்களுக்குத் தெளிவாயிருந்தமையாலன்றோ?

அத்தெளிவு அவர்களுடைய மூலபுருடரிடமிருந்து வந்ததாகும். சுவாமி விவேகானந்தர் 1897 தை மாதத்தில் கொழும்பில் இறங்கியபோது நேரே கப்பலேறிச் சென்னை செல்லவே எண்ணியிருந்தார். ஊர்தோறும் இருந்து வந்த தந்திகளைக் கண்டு வழியை மாற்றிக்கொண்டு, புகையிரதத்திலே கண்டிக்கு வந்தார். இங்கு வரவேற்புப் பெற்று, மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணஞ் சென்று, இந்துக் கல்லூரி வளவிற் பேசினார். அவ்வாண்டு மே முதலாந் திகதி மிஷன் தோன்றியது. அடுத்த ஆண்டு கல்கத்தாவிற் கொள்ளைநோய் அச்சம் பரவியபோது, பணத்துக்கு எங்கே போவதென்று கேட்ட துறவிகளுக்கு, வேண்டுமானால் மடத்துக்கென வாங்கிய புதுக்காணியையே விற்போம் என்றார் அவர். விற்கவேண்டிய அவசியம் நேரவில்லை. எனினும் மடம் எதற்கு என்னும் வினாவுக்கு அந்தச் சொல்லே விடையாயிற்று. 1901இல் பேலூர் மடத்தை நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதித் தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைத்து, தலைமையைச் சுவாமி பிரமானந்தருக்கு விட்டுத் தாம் விலகிக்கொண்டார். அதற்கடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் அவர் சமாதியடைந்தார். தாபகர் உயிரோடிருக்கும்போதே விலகிநின்று, தம்மாலன்றிப் பிறராலும் நடக்குமா என்று பார்த்த செயல் இது. எத்தனை கோயில்களில் எத்தனை தலைவர்கள் இதற்கு உடன்படுவர்?

தலைவர் மாறிக்கொண்டே இருந்தால் நிறுவனம் சிதைந்துபோகும் என்று அஞ்சுவோர் பேராதனைவரை ஒருமுறை போய்வரலாம். பல்கலைக்கழக வளாகத்தின் குன்றிலே 1960களில் எழுந்த குறிஞ்சிக் குமரன் ஆலயத்தை நடத்துவது இந்து மாணவர் சங்கம். அதன் தலைவரும் செயலாளரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதினர். ஓராண்டு இருந்து பரீட்சை எழுதிப் போய்விடுவர். பணத்தின்மேற் கண்வைக்க விரிவுரையாளர் ஒருவர் பெரும் பொருளாளராக இருப்பார். அந்நாட்டில் நடந்த கலகங்களும் பல்கலைக்கழக மூடல்களும் எத்தனை! அவ்வளவுக்கிடையிலும் அங்கே வெள்ளிக்கிழமைப் பூசை என்றால் மாணவர் மலையேறுகின்றனர். ஒவ்வோராண்டும் கையளிக்க வேண்டியிருப்பதால், கணக்கும் பொருட்பட்டியலும் திறப்புக் கோவையும் ஒவ்வோராண்டும் எழுதப்படுகின்றன. இருபதாண்டு ஒருவரே தலைவராயிருக்கும் சபைக்கு எழுதவேண்டிய தேவை எழுவதில்லை. எல்லாம் ஐயாவுக்குத் தெரியும். ஐயா போனபின் ஒருவருக்கும் தெரியாது.

கண்டியின் ஆயராக 1959 முதல் இருந்த லியோ நாணயக்கார ஆண்டகையின் செய்கையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. 1972இல் மறைமாவட்டத்தைப் பிரித்துப் பதுளையைத் தனி மறைமாவட்டமாக்கியபோது, பேராலயமும் பெரிய கல்லூரிகளும் உள்ள கண்டியை விட்டு, தோட்டத் தொழிலாளரும் ஏழைக் கமக்காரரும் நிறைந்த பதுளைக்கு அவரே முதல் ஆயராகச் சென்றார். வேற்றுச் சமயத்தாராயினும் நல்லதை நல்லதென்பதில் எமக்குத் தடையில்லை.

இனி எமது சொந்த விடயத்துக்கு வருவோம். விழா நிதியால் மண்டபம் ஒன்று கட்டவேண்டுமென்பது ஒருசாராரின் விருப்பம். மண்டபம் கண்ணுக்குத் தெரியும்; திறப்புவிழா வைக்கலாம்; கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கலாம். மற்றொருசாரார், மலையகத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வந்து உயர்தர வகுப்பிற் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு விடுதி வசதியும் உதவிச் சம்பளமும் வேண்டும் என்கின்றனர். தோட்டப் பாடசாலைகள் 1960ஆம் ஆண்டு மாற்றத்துள் அடங்காது, 1970களிலேயே படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன என்பதை இளைய வாசகர் அறியாதிருக்கலாம். ஏனையோர் பெற்ற வாய்ப்பை அப்பிள்ளைகளின் பாட்டன்மார் ஒரு தலைமுறை பிந்தியே பெற்றனர். அதன் விளைவு இன்னும் முற்றாக நீங்கிற்றில்லை.

எமது சாய்வு எப்பக்கமென்பதை வாசகர் கண்டிருப்பர்; மறைக்கவும் நாம் விரும்பவில்லை. எனினும் மண்டபத்தை வேண்டுவோரும் கல்லூரியில் அன்புடையோரே. கல்லூரியின் நிலத்தில் நாம் கட்டும் மண்டபம் கட்டி முடித்த மறுநாள் அரசுடைமையாகும் என்பதை அவர்கள் சிந்திக்கவேண்டும். அதன் கூரையை மாற்றவும் நிறம் பூசவும் பின்னர் யார் பணம் தருவர் என்பதையும் சொல்லவேண்டும். விடுதியை வேண்டுவோருக்கும் இவ்வாறே கேள்வி உண்டு. முதலாண்டு பத்துப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு மூன்றாமாண்டு காசில்லை என்று கைவிரித்தால் அப்பிள்ளைகளின் கதி என்ன? வட்டியில் நடத்துவதா, ஆண்டுதோறும் சந்தா சேர்ப்பதா? வெளிநாட்டிலுள்ள அன்பர் அனுப்பும் பணம் நின்றால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கலாம்? விடுதிப் பொறுப்பாளரை நியமிப்பதும் நீக்குவதும் யார் அதிகாரம்? இவற்றுக்கு விடை எழுதப்படாமல், கைதூக்கி வாக்கெடுத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லும் கூட்டத்திலே எது வென்றாலும் தோற்பது ஒன்றே.

பொதுக்கூட்டத்தில் வழக்கமாகப் பேசுவோர் பன்னிருவர். எல்லோரும் அறுபது கடந்தவர். அப்பிள்ளைகளின் பெற்றோர் எவரும் அங்கு வந்ததில்லை, அழைக்கப்பட்டதும் இல்லை. கற்பிக்கும் ஆசிரியர் இருவரையும் உயர்தர மாணவர் இருவரையும் தோட்டப் பெற்றோர் இருவரையும், வாக்குரிமை இல்லாவிட்டாலும், பேசும் உரிமையோடு இம்முறை அழைக்கவேண்டும் என்று கேட்டிருக்கின்றோம். இரண்டு யோசனைக்கும் இருபதாண்டுச் செலவுக் கணக்கைத் தனித்தனியே எழுதி அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒருமாதம் முன்னர் உறுப்பினர் யாவருக்கும் அனுப்பவேண்டுமென்றும் செயலாளருக்கு விண்ணப்பித்துள்ளோம். கணக்குத் தயாராகின்றது என்பது அவருடைய மறுமொழி.